ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர் தன் முடிவைக் கேட்டால் ஏன் தருவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையைச் சேர்ந்த ஒருவர் இதயநோய் பற்றிய ஓர் ஆய்வில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள், மரபணுச் சோதனைக்கும் மாதிரி வாங்கினார்கள். பல மாதங்கள் கழித்து முடிவுகளைக் கேட்டபோது, “இது ஆராய்ச்சிக்கு மட்டும், தனிநபருக்குத் தருவதில்லை” என்று சொல்லிவிட்டார்கள். “என் உடம்பிலிருந்து எடுத்ததை எனக்கே தரமாட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் பக்கம் இருக்கும் காரணங்களில் ஒன்றிரண்டு உண்மையானவை, மற்றவை சாக்கு. ஆய்வுத் தரவுகளைக் கையாளும் வேலையில் இருப்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீங்கள் ஒரே மூச்சில் “முடிவுகள்” என்று சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு போன்ற அன்றாட அளவுகள் ஒன்று, எம்ஆர்ஐ படங்கள் இரண்டு, மரபணுத் தரவு மூன்று. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

அன்றாட அளவுகளைத் தராமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இது புதிய முற்போக்கு யோசனையும் இல்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய இதயநோய் ஆய்விலேயே பரிசோதனை முடிவுகளைப் பங்கேற்பாளரின் குடும்ப மருத்துவருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து லட்சம் பேரைச் சேர்த்த யுகே பயோபேங்க், தனிநபர் முடிவுகளைத் தருவதில் மிகக் கறாரான அமைப்பு. அவர்கள்கூட முதல் நாள் எடுத்த ரத்த அழுத்தம், எடை, மூச்சுத்திறன் போன்ற அளவுகளை அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஐந்து லட்சம் பேருக்கு அது முடிந்தது. சில நூறு பேரை வைத்து நடத்தும் ஆய்வுக்கு முடியாது என்றால் நம்பாதீர்கள்.

எம்ஆர்ஐயில்தான் விஷயம் சிக்கலாகிறது. ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனும் நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் ஸ்கேனும் ஒன்றல்ல. இதயத்தின் இடது கீழறை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க எடுத்த படத்தில் நுரையீரலின் ஓரமும் கல்லீரலின் ஒரு பகுதியும் தெரியும். அவற்றைப் பார்க்கும் நோக்கத்தில் இயந்திரத்தை அமைத்திருக்க மாட்டார்கள். பல ஆய்வுகளில் கதிரியக்க மருத்துவர் யாரும் படத்தைப் பார்ப்பதே இல்லை, மென்பொருள் அளந்துவிட்டுப் போய்விடும். “ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று பங்கேற்பாளர்கள் நினைத்துக்கொள்வது இந்தத் துறையின் மிக ஆபத்தான தவறான புரிதல். தயவுசெய்து நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

சரி, எல்லாப் படங்களையும் மருத்துவரிடம் காட்டிவிட்டால் என்ன? யுகே பயோபேங்க் இதைச் சோதித்தே பார்த்தது. முதலில் ஸ்கேன் எடுத்த 1,000 பேரின் படங்களை இரண்டு வழிகளில் பார்த்தார்கள். படம் எடுக்கும் தொழில்நுட்பர் தன் வேலையின் போக்கில் கண்ணில் படுவதை மட்டும் சுட்டிக்காட்டுவது ஒரு வழி. கதிரியக்க மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் முறையாக ஆராய்வது இன்னொரு வழி. முதல் வழியில் 18 பேர் சிக்கினார்கள். இரண்டாவது வழியில் 179 பேர். அந்த 179 பேரில் பெரும்பாலானோருக்கு, மேற்கொண்டு சோதனைகள் எல்லாம் செய்து பார்த்த பிறகு, தீவிரமான நோய் எதுவும் இல்லை. நடுவில் அவர்கள் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார்கள், அரசு மருத்துவமனையில் எத்தனை பேருடைய இடத்தைப் பிடித்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: தொழில்நுட்பர் கண்ணில் படாமல் போன உண்மையான நோயாளிகளும் அந்த 179 பேருக்குள் இருந்தார்கள். யுகே பயோபேங்க் முதல் வழியையே தேர்ந்தெடுத்தது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அரைமனதோடு. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். முறையாக ஆராய்ந்து அறிக்கை தருவது வேறு, கேட்பவருக்கு அவருடைய படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது வேறு. முதலாவதை மறுக்கக் காரணம் இருக்கிறது. இரண்டாவதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. “இது நோயறியும் ஸ்கேன் அல்ல, மருத்துவர் பார்க்கவில்லை” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம்.

மரபணுவுக்கு வருவோம். “என் டிஎன்ஏ, எனக்குத் தா” என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. இதில் ஆய்வாளர்களின் தயக்கத்துக்கு மிக வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தன்னார்வலர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

பெரிய ஆய்வுகள் பலவற்றில் மரபணு முழுவதையும் படிப்பதில்லை. செலவு குறைவு என்பதால் சிப் ஒன்றைப் பயன்படுத்தி, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒளிரும் சாயத்தின் அளவை வைத்து இவருடைய டிஎன்ஏயில் அங்கே எந்த எழுத்து என்று மென்பொருள் ஊகிக்கிறது. ஊகிக்கும் முறை இதுதான்: ஆயிரக்கணக்கானவர்களின் ஒளி அளவுகளைப் புள்ளிகளாகப் போட்டால் அவை மூன்று கூட்டங்களாகப் பிரியும், நீங்கள் எந்தக் கூட்டத்தில் விழுகிறீர்கள் என்று அது பார்க்கும். பலருக்கும் இருக்கும் சாதாரண வேறுபாடுகளில் இது அபாரமாக வேலை செய்யும். லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் அரிய மாற்றத்தில் இரண்டாவது கூட்டம் என்று ஒன்றே உருவாகாது. கொஞ்சம் விலகி விழுந்த ஒரு புள்ளியைக்கூட மென்பொருள் “இவருக்கு மாற்றம் இருக்கிறது” என்று எழுதிவிடும்.

2021-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இதை அளந்து காட்டியது. யுகே பயோபேங்க் பங்கேற்பாளர்களில் ஏறத்தாழ 50,000 பேருக்குச் சிப் முடிவும் இருந்தது, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்த முடிவும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயோடும் சினைப்பைப் புற்றுநோயோடும் தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் நோயுண்டாக்கும் அரிய மாற்றம் இருப்பதாகச் சிப் சொன்னவர்களில் 4.2 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் அது இருந்தது. அதாவது நூறு பெண்களிடம் “உங்களுக்கு இந்த மாற்றம் இருக்கிறது” என்று அந்தத் தரவை அப்படியே நீட்டியிருந்தால், 96 பேரிடம் பொய் சொல்லியிருப்பார்கள். இந்த மாற்றம் உள்ளவர்களில் பலர் மார்பகங்களையும் சினைப்பைகளையும் முன்கூட்டியே அகற்றிக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதே சிப், மாற்றம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவரைத்தான் பிடித்தது. ஆக “உங்களுக்கு இல்லை” என்று அது சொன்னாலும் நம்ப முடியாது.

இத்தனைக்கும் அந்தச் சிப் மோசமான கருவி அல்ல. ஐந்து லட்சம் பேரின் சராசரியைப் பார்க்க அது போதும், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் ஒருவருடைய தலையெழுத்தைப் படிக்க அது செய்யப்பட்டதில்லை. இதோடு ஆய்வுக்கூட ஒழுங்கும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தக்குழாய் உங்கள் பெயரோடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவு இருக்கும். ஆராய்ச்சி ஆய்வகத்தில் பெரும்பாலும் ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும், மாதிரிகளை வைத்த தட்டு மாறிப்போனாலும் சராசரியில் தெரியாது. அமெரிக்காவில் 1988-இல் வந்த ஆய்வகச் சட்டம் இதனால்தான், சான்று பெறாத ஆய்வகத்தின் முடிவைச் சிகிச்சைக்காக நோயாளிக்குத் தரக்கூடாது என்கிறது. நம்மூரில் ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பது ஏறக்குறைய இதே கேள்விதான்.

ஆகவே தரமுடியாது என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதற்குப் பொருள் இல்லை. அமெரிக்க அரசின் “ஆல் ஆஃப் அஸ்” திட்டம் பத்து லட்சம் பேரைச் சேர்க்கும் இலக்கோடு 2018-இல் தொடங்கியது. தரவைத் திருப்பித் தருவோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் ஆரம்பித்தார்கள். அதனால் சான்று பெற்ற ஆய்வகங்கள், மரபணு ஆலோசகர்கள், தொலைபேசிச் சேவை எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் இருந்தது. 2022 டிசம்பர் முதல், பரம்பரை நோய் அபாயம் காட்டும் 59 மரபணுக்களும் மருந்து உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று காட்டும் 7 மரபணுக்களும் குறித்த முடிவுகளை, வேண்டும் என்று தனித்தனியாகச் சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும் தருகிறார்கள். இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 2019-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் முழு மரபணுவைப் படித்து முடித்த இண்டிஜென் திட்டத்தில் பங்கேற்பாளர்களுக்கு ஓர் அட்டையும், மருத்துவரோடு சேர்ந்து தகவலைப் பார்க்கச் செயலியும் கொடுத்தார்கள். முடியாது என்பவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது, “மானியம் கேட்டபோது இதற்குப் பணம் கேட்கவில்லை” என்பதே. அதை வெளிப்படையாகச் சொன்னால் பாதி மனவருத்தம் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் “அறநெறிப்படி தரக்கூடாது” என்று பூசி மெழுகுகிறார்கள்.

“சொன்னால் பயந்துவிடுவார்கள்” என்ற வாதத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை. அல்சைமர் நோயைவிடப் பயமுறுத்தும், ஒன்றும் செய்ய முடியாத செய்தி வேறு என்ன இருக்கிறது? பெற்றோரில் ஒருவருக்கு அல்சைமர் இருந்த 162 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினரிடம், அல்சைமர் அபாயத்தோடு தொடர்புடைய ஏபிஓஇ மரபணுவில் அவர்களுக்கு எந்த வகை இருக்கிறது என்று சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. 2009-இல் வந்த முடிவின்படி, ஓராண்டு முழுவதும் பார்த்ததில் பதற்றத்திலும் மனச்சோர்விலும் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆலோசகர் உட்கார்ந்து பேசித்தான் சொன்னார்கள் என்பதை மறக்கக்கூடாது. அதேபோல, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் மரபணு முழுவதையும் உலகம் பார்க்க வெளியிட்டபோது, இந்த ஏபிஓஇ பகுதியை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பயம் பற்றிய வாதத்துக்கு இன்னொரு நல்ல பதில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியிலிருந்து வருகிறது. சைலன்ட் ஸ்பிரிங் என்ற ஆய்வு நிறுவனம் அங்கே 120 வீடுகளில் காற்றையும் தூசியையும் எடுத்து, என்னென்ன ரசாயனங்கள் இருக்கின்றன என்று பார்த்தது. எவ்வளவு இருந்தால் ஆபத்து என்றே தெரியாத ரசாயனங்கள் பல. அப்படிப்பட்ட எண்ணைச் சொல்லி என்ன பயன் என்று துறையில் பலரும் கேட்டார்கள். இவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் வீட்டு முடிவை, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வீடுகளில் பிசிபி என்ற தடைசெய்யப்பட்ட ரசாயனம் மிக அதிகமாக இருந்தது. வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசியதில், 1950களிலும் 60களிலும் மரத்தரைக்குப் பூசிய மெருகுப் பூச்சுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதுவரை வீட்டுக்குள் பிசிபி வரும் வழியாக அந்தப் பூச்சை யாரும் பெரிதாகக் கருதவில்லை. முடிவைச் சொன்னதால் ஆய்வாளர்களுக்கே புதிய கண்டுபிடிப்பு கிடைத்தது. ஆய்வு செய்பவர்கள் இந்த லாபத்தை ஏன் யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எளிதில் தீராத வழக்கு ஒன்றும் உண்டு, ஐஸ்லாந்தில். டிகோட் என்ற நிறுவனம் அந்தச் சிறிய நாட்டின் மக்கள்தொகையில் பெரும் பகுதியினரின் மரபணுத் தரவை வைத்திருக்கிறது. கையோடு நாட்டின் வம்சாவளி முழுவதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், ஆய்வில் சேராதவருக்கும் என்ன மாற்றம் இருக்கும் என்று கணிக்க முடியும். பிஆர்சிஏ2 மரபணுவில் ஐஸ்லாந்தருக்கே உரிய ஒரு மாற்றம் சுமார் 2,400 பேருக்கு இருப்பதாக அவர்களுக்குத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர்ப் பட்டியல் வந்துவிடும் என்றும், ஆபத்தில் இருப்பவர்களிடம் சொல்லாமல் இருப்பது குற்றம் என்றும் நிறுவனர் காரி ஸ்டெஃபான்சன் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். கேட்காதவரிடம் போய்ச் சொல்ல ஒப்புதல் இல்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். கடைசியில் 2018 மே மாதம் ஓர் இணையதளம் திறந்தார்கள்: விரும்புகிறவர் தன் மின்னணு அடையாளத்தோடு வந்து கேட்டால், இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். கேட்பவருக்குச் சொல், கேட்காதவரைத் தேடிப்போகாதே என்ற இந்த நடுவழி எனக்கு ஏறக்குறைய சரியாகப் படுகிறது. ஆனால் ஒரு பெண் கேட்டுத் தெரிந்துகொண்டால், கேட்க விரும்பாத அவள் தங்கைக்கும் பாதி தெரிந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு யாரிடமும் இல்லை.

மருந்துச் சோதனைகளுக்கு மட்டும் ஒரு தனி விதி. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று மறைத்து வைப்பதில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. சில ரத்த முடிவுகளைச் சொன்னாலே எந்தக் குழு என்று தெரிந்துவிடும். அதனால் சோதனை முடியும்வரை காத்திருங்கள் என்பது நியாயம். அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டமும் இதை அனுமதிக்கிறது: சேரும்போதே நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், சோதனை முடியும்வரை உங்கள் தகவலைப் பார்க்கும் உரிமையை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைக்கலாம், பறித்துக்கொள்ள முடியாது.

இனி இந்தியச் சட்டம். உங்களுக்குச் சாதகமான வலுவான ஆயுதம், ஆச்சரியமாக, பழைய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைதான். 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்கள் ஆய்வில் எந்தச் சோதனையாவது மருத்துவமனையின் ஓபி சீட்டிலோ கேஸ் ஷீட்டிலோ ஏறியிருந்தால், அது ஆய்வுத் தரவு என்பதற்கு முன்னால் உங்கள் மருத்துவப் பதிவு. அந்தப் பதிவை “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்று மறுக்க முடியாது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். அவ்வளவு நம்ப வேண்டாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. வந்தாலும், 11-ஆம் பிரிவு தரும் உரிமை உங்கள் தரவின் சுருக்கத்தைக் கேட்பதற்குத்தான். ஐரோப்பியச் சட்டம் நகலையே கேட்கலாம் என்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை 17-ஆம் பிரிவில்: ஆராய்ச்சிக்காகவும் புள்ளிவிவரத்துக்காகவும், விதிகள் சொல்லும் தரநெறிகளின்படி தரவைக் கையாண்டால், அதை வைத்து உங்களைப் பற்றித் தனிப்பட்ட முடிவு எதுவும் எடுக்காதவரை, சட்டமே பொருந்தாது. இதில் ஒரு முரண் இருக்கிறது, கவனியுங்கள். உங்களுக்கு அவர்கள் எவ்வளவு குறைவாக உதவுகிறார்களோ, அவ்வளவுக்குச் சட்டத்திலிருந்து தப்பிக்கிறார்கள்.

ஆகவே சட்டத்தைவிட ஒப்புதல் படிவமே உங்களுக்குக் கைகொடுக்கும். மருந்துச் சோதனை என்றால், பங்கேற்பாளர் தகவல் தாளின் நகலையும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும் என்று 2019-இன் விதிகள் சொல்கின்றன. மற்ற ஆய்வுகளிலும் கேட்டு வாங்குங்கள். அதில் முதன்மை ஆய்வாளரின் எண்ணும், ஆய்வை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் இருக்கும். தொலைபேசியில் கேட்டால் ஒருங்கிணைப்பாளர் யாராவது மறுத்துவிட்டுப் போய்விடுவார். எழுத்தில் கேளுங்கள், நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு நகல் போடுங்கள். குழுவின் மேசைக்குக் கடிதம் போனால் பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் ஆய்வாளருக்கு வந்துவிடுகிறது. “என் தரவு முழுவதையும் தாருங்கள்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். இன்ன தேதியில் எடுத்த ரத்தத்தின் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் அளவுகள், அலகோடு. எம்ஆர்ஐ படங்கள், மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகையான டைகாம் வடிவில். மரபணுவுக்குச் சிப்பா, முழு வாசிப்பா, எந்த ஆய்வகம், அங்கீகாரம் உண்டா என்ற விவரம். இப்படிக் கேட்டால் மறுப்பவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

“பெயரை நீக்கிவிட்டோம், எது உங்களுடையது என்று எங்களுக்கே தெரியாது” என்று பதில் வரலாம். சில சமயம் அது உண்மை. பெரும்பாலும் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் இருக்கும், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஆய்வு நடந்த மருத்துவமனையில் பூட்டி வைத்திருப்பார்கள். “பட்டியலை அழித்துவிட்டீர்களா, எப்போது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள், தெரிந்துவிடும். ஆய்வு இன்னும் உங்களை அடுத்த பரிசோதனைக்கு அழைக்கிறது என்றால் பட்டியல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மரபணுத் தரவு மட்டும் கையில் வந்தால் இரண்டு எச்சரிக்கை. அதில் பயப்படும்படி ஏதாவது தெரிந்தால், புதிதாக ரத்தம் கொடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மேலே சொன்ன 4.2 சதவீதத்தை நினைவில் வையுங்கள். இரண்டாவது, அந்தக் கோப்பை இலவசமாகப் படித்துச் சொல்கிறோம் என்னும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தபோது வாடிக்கையாளர்களின் டிஎன்ஏ தரவு யார் கைக்குப் போகும் என்பதே பெரிய கேள்வியானது. அமெரிக்காவிலாவது, மரபணுவைக் காட்டி வேலையையும் உடல்நலக் காப்பீட்டையும் மறுக்கக்கூடாது என்று 2008-இல் ஒரு சட்டம் வந்தது. ஆயுள் காப்பீட்டுக்கு அங்கேயும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டமே இன்னும் வரவில்லை.